போர்தோவில் பணம் எங்கே கரைகிறது?

வாசகர் கேள்வி: நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், வயது 61. கோவையில் வசிக்கிறோம். பிரான்சின் ஒயின் நாடான போர்தோவைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. செப்டம்பர் கடைசி வாரத்தில் நானும் மனைவியும் அங்கே ஏழு இரவு தங்கத் திட்டமிட்டிருக்கிறோம். இருவருக்குமாக நாலரை லட்ச ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். சுற்றுலா நிறுவனம் ஒன்று இதே பயணத்துக்கு ஆறேகால் லட்சம் கேட்கிறது. என் தொகை போதுமா? தோட்டங்களைப் பார்க்கக் கார் வாடகைக்கு எடுக்க வேண்டுமா? மனைவி சைவம், முட்டையும் தொடமாட்டார், மதுவும் அருந்த மாட்டார். அவருக்கு அங்கே என்ன இருக்கிறது? 1855-ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ள பெரிய ஒயின்களை எங்களைப் போன்றவர்கள் சுவைத்துப் பார்க்க முடியுமா? திரும்பும்போது எத்தனை புட்டி கொண்டுவரலாம்?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நாலரை லட்சம் போதும். ஆனால் அது போதுமா போதாதா என்பது போர்தோவில் தாங்கள் செய்யும் செலவைவிட, இங்கிருந்து புறப்படுமுன் தாங்கள் எடுக்கும் மூன்று முடிவுகளைப் பொறுத்தது: எந்த வாரத்தில் போகிறீர்கள், பாரிசிலிருந்து போர்தோவுக்கு ரயில் சீட்டை எப்போது வாங்குகிறீர்கள், திராட்சைத் தோட்டங்களுக்கு எப்படிப் போகிறீர்கள். ஒயின் ஊர் என்றதும் ஒயினுக்குத்தான் பணம் தண்ணீராகச் செலவாகும் என்று நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். உண்மையில் போர்தோவில் கிண்ணத்தில் ஊற்றித் தரும் ஒயின் மலிவு. அது விளையும் இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் விலை கூடியது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ள கணக்கைப் போட்டிருக்கிறேன். ஒரு யூரோவுக்கு 105 ரூபாய் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். பணம் மாற்றும் நாளின் விலைக்கு ஏற்பத் தாங்கள் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் வாரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் தாங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் செப்டம்பர் கடைசி வாரத்தை மாற்றச் சொல்லப் போகிறேன். செப்டம்பர் அறுவடைக் காலம். மெர்லோ திராட்சையை முதலில் பறிப்பார்கள், கபெர்னே சோவின்யோன் அதற்குப் பின்னால் வரும். அறுவடை நடக்கும் நாட்களில் தோட்டத்துக்காரர்களுக்கு விருந்தினரை வரவேற்க நேரம் இருப்பதில்லை. பல ஷாத்தோக்கள், அதாவது தோட்டமும் ஒயின் கூடமும் சேர்ந்த பண்ணை மாளிகைகள், பார்வையாளர் நேரத்தைக் குறைத்துவிடுகின்றன அல்லது நிறுத்தியே விடுகின்றன. அதே மாதத்தில், போர்தோவை ஒட்டிய ஒயின் பகுதிகளான இரண்டில், மெதோக் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் புகழ்பெற்ற மாரத்தானும், சாந்த் எமிலியோனில் மூன்றாம் ஞாயிறன்று அறுவடை தொடங்குவதை அறிவிக்கும் விழாவும் நடப்பதால், அறை வாடகை ஏறி நிற்கும். அறுவடை என்றால் கூடையோடு வரிசையாகப் பறிப்பவர்களைப் பார்க்கலாம் என்று பலர் கற்பனை செய்கிறார்கள். இன்று பல தோட்டங்களில் இயந்திரம்தான் பறிக்கிறது, கையால் பறிக்கும் பெரிய ஷாத்தோக்களோ அந்த நாட்களில் வாயிலைச் சாத்திக்கொள்கின்றன.

ஆகவே, அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை போர்தோவில் இறங்கும்படி பயணத்தை ஒரு வாரம் தள்ளி வைக்குமாறு பரிந்துரைக்கிறேன். இதில் மூன்று நன்மைகள் இருக்கின்றன. அதற்குள் மெர்லோ அறுவடை பெரும்பாலும் முடிந்து, அந்தத் திராட்சையை அதிகம் பயிரிடும் சாந்த் எமிலியோன் பக்கத்துத் தோட்டங்கள் மீண்டும் விருந்தினரை ஏற்கத் தொடங்கியிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களின் முதல் ஞாயிறன்று மாநகராட்சி அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிக் கூடங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பிரான்சின் பள்ளி இலையுதிர் கால விடுமுறை அக்டோபர் மாதத்தின் நடுவில்தான் தொடங்கும் என்பதால், விமானத்துக்கும் ரயிலுக்கும் அந்த நெரிசல் இன்னும் வந்திருக்காது. மழைக்கு ஒரு குடையும் மாலைக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும் எடுத்துக்கொள்வது அவசியம். அட்லாண்டிக் கடல் அருகில் இருப்பதால் அக்டோபரில் மழை எந்த நாளும் வரலாம்.

இனி விசா. பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ; இதன் மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ ஈடு தரும் பயணக் காப்பீடும் கட்டாயம். காப்பீட்டுக்குத் தங்கள் வயதில் சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள். எல்லாம் சேர்த்து இருவருக்கும் 28,000 ரூபாய் ஒதுக்குங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் பிரான்ஸ் பார்க்கும் பண வசதிக் கணக்கு ஒன்று உண்டு: விடுதி முன்பதிவு கையில் இருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, முன்பதிவு இல்லாவிட்டால் 120 யூரோ. எனவே முன்பதிவுச் சீட்டு இருப்பது தங்களுக்கு இரட்டை நன்மை. ஆனால் விசா கைக்கு வரும்வரை கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையை மட்டுமே பதிவு செய்யுங்கள். திரும்பக் கிடைக்காத மலிவு வாடகை கண்ணை இழுக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானத்துக்கு ஆளுக்கு 65,000 ரூபாய், இருவருக்கும் 1,30,000 என்று வைத்திருக்கிறேன். கோவையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் இறங்கி மாறும் வழி, பெங்களூருக்குப் போய் அங்கிருந்து நேரடியாகப் பாரிசுக்குப் பறக்கும் வழி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். போர்தோவிலும் விமான நிலையம் இருக்கிறது, 2023-ஆம் ஆண்டு முதல் அதற்கு டிராம் வண்டியும் ஓடுகிறது. ஆனால் அங்கேயே இறங்கும் இணைப்புச் சீட்டு பெரும்பாலும் விலை கூடுதலாக இருக்கும். பாரிசில் இறங்கி ரயில் பிடிப்பதுதான் சிக்கனம்.

ரயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கவனக் குறைவால் இருமடங்கு, மும்மடங்கு பணம் போகும் இடம் இதுதான். 2017 ஜூலையில் திறந்த அதிவேகப் பாதையில், பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து போர்தோ சான்-ழான் நிலையத்துக்கு டி.ஜி.வி. ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. இதன் கட்டணம் நம் ஊர் ரயிலைப்போல நிலையானது அல்ல. விமானத்தைப்போலத் தேவையைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும். முன்கூட்டியே வாங்குபவருக்கு 40, 45 யூரோவில் கிடைக்கும் அதே இருக்கை, கடைசி நாளில் வாங்குபவருக்கு 90 யூரோவைத் தாண்டும். பாரிஸ்வாசிகள் வார இறுதியைக் கழிக்கப் போர்தோவுக்குப் போவதால், வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமை மாலையும் மிக விலை கூடிய நேரங்கள். தாங்கள் அவற்றைத் தவிர்த்துச் சனிக்கிழமை பிற்பகல் சென்று, அடுத்த சனிக்கிழமை திரும்பலாம்.

இதே பாதையில் ஊய்கோ என்ற மலிவு ரயிலும் ஓடுகிறது. அதில் பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம், சீட்டை ரத்து செய்தால் பணமும் திரும்புவது அரிது. வழக்கமான டி.ஜி.வி. சீட்டைப் புறப்பாட்டுக்கு ஒரு வாரம் முன்புவரை கட்டணமின்றி மாற்றலாம், ரத்தும் செய்யலாம் என்பதால், விசா வருவதற்கு முன்பே துணிந்து வாங்கக்கூடியது அதுதான். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 49 யூரோவில் ஆண்டுச் சலுகை அட்டை ஒன்று உண்டு, 30 விழுக்காடு தள்ளுபடி தரும். தாங்கள் அதற்கு உரியவர்தான், ஆனால் தங்கள் ஒருவரின் இரண்டு சீட்டுக்கு மிச்சமாகும் தொகை அட்டையின் விலைக்கே வராது. வாங்க வேண்டாம்.

பாரிஸ் விமான நிலையத்திலிருந்து மோன்பர்னாஸுக்கு வாடகைக் கார் நிர்ணயக் கட்டணம் 65 யூரோவை ஒட்டி. ஆர்.இ.ஆர். பி ரயிலில் தான்ஃபேர்-ரோஷ்ரோ நிலையம் வந்து மெட்ரோ மாறினால் ஆளுக்குச் சுமார் 14 யூரோ. விமான நிலையத்தின் அடியிலிருந்தே போர்தோவுக்கு நேராகப் போகும் டி.ஜி.வி.யும் நாளுக்குச் சில உண்டு. பயண நேரம் கூடுதலானாலும் பெட்டியோடு பாரிஸ் மெட்ரோவின் படிகளில் ஏறி இறங்கும் வேலை இல்லை. தங்கள் வயதுக்கு, விலை வேறுபாடு இருபது யூரோவுக்குள் இருந்தால், இந்த நேர் ரயிலையே எடுங்கள். விமானம் தாமதமானால் ரயில் காத்திருக்காது என்பதால், தரையிறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது விடவேண்டும். திரும்பும்போது இன்னும் அதிகமாக விடுங்கள், பிரான்சில் ரயில் வேலைநிறுத்தம் அபூர்வமான செய்தி அல்ல. இந்தப் பகுதிக்கு மொத்தம் 25,000 ரூபாய்.

தங்கும் இடத்துக்கு இரவுக்கு 100 யூரோ என்று கணக்கிட்டிருக்கிறேன். ஆளுக்கு, இரவுக்கு என்று வசூலிக்கும் சுற்றுலா வரியையும் சேர்த்தால் ஏழு இரவுக்கு 77,000 ரூபாய் ஆகும். இந்த விலைக்குப் பழைய நகரின் நடுவில் நல்ல விடுதி கிடைப்பது கடினம். கிடைத்தாலும் நான் அதைத் தங்களுக்குச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் தங்களுக்கு வேண்டியது அழகான வரவேற்பறை அல்ல, அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ள அறை. இவ்வகைக் குடியிருப்பு விடுதிகள் சான்-ழான் ரயில் நிலையத்தை ஒட்டியும், கரோன் ஆற்றின் வலக்கரையான பாஸ்தீத் பகுதியிலும், வடக்கே பழைய ஒயின் வணிகர்களின் கிடங்குகள் இருந்த ஷார்த்ரோன் பகுதிக்கு அப்பாலும் இருக்கின்றன. மூன்று பகுதிகளுக்கும் டிராம் உண்டு. பாஸ்தீத்தில் தங்கினால் 1822-இல் முடிந்த கல் பாலத்தின் மேல் பதினைந்து நிமிடம் நடந்தே பழைய நகருக்குள் வந்துவிடலாம். எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான்.

அடுப்பை நான் வற்புறுத்துவது தங்கள் துணைவியாருக்காக. போர்தோவின் சமையல் வாத்து, மாட்டிறைச்சி, சிப்பி, விலாங்கைப் போன்ற ஆற்று மீன் என்று போகிறது. சைவத்துக்கு இடம் இருக்கிறது என்றாலும், முட்டையும் வேண்டாம் என்றால் அந்த இடம் மிகவும் சுருங்கிவிடும். ஊரின் அடையாளமான கனெலே என்ற சிறு இனிப்பில் முட்டை மஞ்சள் கருவும் ரம்மும் சேர்கின்றன. பேஸ்ட்ரிக் கடைகளில் உள்ள பெரும்பாலானவற்றில் முட்டை உண்டு, குரோசான் மேலும் பளபளப்புக்காக முட்டையைத் தடவுவார்கள். ஆனால் பாரம்பரிய பகெத் ரொட்டியை நம்பிச் சாப்பிடலாம்: மாவு, தண்ணீர், உப்பு, புளிப்பு ஆகியவையே அதன் அடிப்படை என்று 1993-ஆம் ஆண்டின் அரசாணை வரையறுத்திருக்கிறது. பாலாடைக்கட்டியில் ஒரு சிக்கல், பல பாரம்பரிய வகைகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டு தயாரிக்கிறார்கள். இதைத் துணைவியார் பொருட்படுத்துவாரா என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். ஒயினிலும் முட்டை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. போர்தோவின் சிவப்பு ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக் கருவைச் சேர்த்துப் பிறகு வடிப்பது இன்றும் பல தோட்டங்களில் உள்ள பழைய வழக்கம். சைவம் தாங்களும் கடைப்பிடிப்பவரானால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அரிசி, பருப்பு வகைகள், தயிர், காய்கறி எல்லாம் பேரங்காடிகளில் நியாய விலைக்கே கிடைக்கும். ஊரிலிருந்து பொடி வகைகளையும் ஒரு சிறு குக்கரையும் கொண்டுபோனால் இரவு உணவு அறையிலேயே முடிந்துவிடும். வெளியே சாப்பிடுவதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு உணவகங்கள் மதியத்தில் இரண்டு அல்லது மூன்று வகை சேர்ந்த நிர்ணய விலை உணவை 16 முதல் 22 யூரோவுக்குத் தருகின்றன. அதே கடையில் இரவில் இதற்கு ஒன்றரை மடங்கு கேட்பார்கள். சமையலறை பிற்பகல் இரண்டு மணிக்கு மூடிவிடும் என்பதை மறக்கக் கூடாது. குடிநீருக்குக் 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டியது அவர்கள் கடமை. பில்லில் சேவைக் கட்டணம் அடக்கம், தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. துணைவியாருக்கு லெபனான் கடைகளின் ஃபலாஃபெல் ரொட்டியும், ஊரில் உள்ள இந்திய உணவகங்களும் கைகொடுக்கும். இப்படி நடந்துகொண்டால் இருவருக்கும் நாளுக்கு 70 யூரோ தாராளம். ஏழு நாளுக்கு 52,000 ரூபாய்.

நகருக்குள் செலவு மிகக் குறைவு என்பதை உறுதியாகச் சொல்வேன். 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆற்றங்கரைக் கட்டடங்களின் வரிசை, பூர்ஸ் சதுக்கத்துக்கு எதிரே சில சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் வானத்தையும் மாளிகையையும் காட்டும் நீர்க்கண்ணாடி, 1137-இல் அக்கித்தேன் நாட்டு எலினோர் பிரெஞ்சு இளவரசரை மணந்த சான் ஆந்த்ரே பேராலயம், பொதுப் பூங்கா, எதற்கும் கட்டணமில்லை. டிராம் ஒரு முறைக்கு 2 யூரோவை ஒட்டி. ஏழு நாள் அட்டை வாங்கினால் ஆளுக்கு 15 முதல் 20 யூரோவில் முடியும், ஆற்றில் ஓடும் படகுக்கும் அது செல்லும். அட்டை இருந்தாலும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் இயந்திரத்தில் பதிய வேண்டும், பரிசோதகர் அபராதத்தில் இரக்கம் காட்டுவதில்லை. சுற்றுலா அலுவலகம் விற்கும் நகர அட்டை, மூன்று நாளுக்குள் ஐந்தாறு இடங்களை ஓடி ஓடிப் பார்ப்பவருக்கு லாபம். முதல் ஞாயிறன்று அருங்காட்சியகங்களை இலவசமாகப் பார்க்கப்போகும் தங்களுக்குத் தேவையில்லை.

அந்த ஞாயிறை அக்கித்தேன் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். துணைவியாருக்கு நான் முதலில் சொல்லும் இடம் அது. இந்த ஊரின் செல்வம் ஒயினால் மட்டும் வந்ததல்ல, 18-ஆம் நூற்றாண்டில் அடிமை வணிகத்தாலும் வந்தது என்பதை மறைக்காமல் காட்டும் கூடங்கள் அங்கே உண்டு. நமக்கும் இந்த ஊருக்கும் ஓர் இழை இருக்கிறது: 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் நெய்து நீலச் சாயம் தோய்த்த 'கினே' துணியைச் செனகலுக்குக் கொண்டுபோய் விற்றவர்களில் போர்தோ வணிகர்கள் முக்கியமானவர்கள். 2016-இல் திறந்த 'சித்தே து வேன்' என்ற ஒயின் காட்சியகத்துக்குக் கட்டணம் 22 யூரோவை ஒட்டி. குடிக்காதவரும் பார்க்கத் தகுந்த இடம், ஏனென்றால் அது ஒயினை உலக வரலாற்றின் வழியாகச் சொல்கிறது. சீட்டின் விலையில் எட்டாம் மாடியில் ஒரு கிண்ணம் ஒயின் அடக்கம், வேண்டாதவருக்குத் திராட்சைச் சாறு தருவார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக ஜெர்மானியர் கட்டிய கான்கிரீட் தளத்துக்குள் ஓவியங்களை ஒளியாகப் பாய்ச்சும் 'பசேன் தே லுமியேர்' கூடமும் அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். போக்குவரத்து, நுழைவுக் கட்டணங்கள் எல்லாவற்றுக்கும் 13,000 ரூபாய்.

காருக்கு வருகிறேன். வேண்டாம். வாடகை மட்டும் பார்த்தால் நாளுக்கு 50, 60 யூரோ என்று கவர்ச்சியாக இருக்கும். அதன் மேல் முழுக் காப்பீடு, பெட்ரோல், போர்தோ நகருக்குள் வண்டி நிறுத்தும் கட்டணம், தங்கள் கடன் அட்டையில் அவர்கள் முடக்கி வைக்கும் பிணைத் தொகை என்று ஒவ்வொன்றாக வரும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், பிரான்சில் ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்பதுதான் வரம்பு; இரண்டு தோட்டத்தில் சுவைத்தால் அந்தக் கோட்டை நெருங்கிவிடலாம். ஒயின் பார்க்கப் போன இடத்தில் ஒயினைத் துப்பிவிட்டு வண்டி ஓட்டுவதற்காகத் தாங்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

காருக்குப் பதிலாக மூன்று நாட்களைச் சொல்கிறேன். முதலாவது சாந்த் எமிலியோன். வட்டார ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஒரு வழிக்குச் சுமார் 10 யூரோ. நிலையத்திலிருந்து ஊர் வரை தோட்டங்களுக்கு நடுவே இருபது நிமிட நடை, கடைசிப் பகுதி ஏற்றம். ரயில்கள் அடிக்கடி இல்லை என்பதால் திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து எழுப்பிய நிலத்தடித் தேவாலயம் துணைவியாருக்கு, நடந்தே போகும் தொலைவில் ஒரு ஷாத்தோ தங்களுக்கு. பெயர் பெற்றவர்களைவிடக் குடும்பமாக நடத்தும் நடுத்தரத் தோட்டங்களில்தான் விளக்கம் பொறுமையாக இருக்கும், சுவைப்பும் சேர்த்து ஆளுக்கு 15 முதல் 25 யூரோ. மின்னஞ்சலில் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். இந்த நாளுக்கு இருவருக்கும் 16,000 ரூபாய்.

இரண்டாவது நாள் மெதோக். இங்கேதான் செலவு செய்யுங்கள். 1855-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டுத் தயாரான, தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்த பட்டியலின் சிவப்பு ஒயின்கள், கிராவ் பகுதியின் ஓ-பிரியோன் ஒன்றைத் தவிர, எல்லாம் இந்த நிலத்தில் விளைந்தவை. போயாக் வரை ரயில் போகிறது, ஆனால் ஷாத்தோக்கள் ஒரே நெடுஞ்சாலையை ஒட்டி மைல் கணக்கில் பரவிக் கிடப்பதால் நிலையத்தில் இறங்கி நடந்து பார்க்க முடியாது. சுற்றுலா அலுவலகம் மூலம் பதிவு செய்யும் அரைநாள் சிற்றுந்துப் பயணம் ஆளுக்கு 90 முதல் 120 யூரோ வரை ஆகும். இருவரும் போனால் இருமடங்கு, துணைவியார் அன்று ஊரில் தங்கிவிட்டால் பாதி. தங்கள் ஆசையே இந்த நிலத்தைப் பார்ப்பதுதான் என்பதால், வேறு எதில் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள். கீழ் வரம்பை ஒட்டி இருவருக்கு 20,000 ரூபாய் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது நாள் கடல். ஐம்பது நிமிட ரயிலில் அர்கஷோன், அங்கிருந்து பேருந்தில் பிலா மணற்குன்று. நூறு மீட்டர் உயரத்துக்குக் குவிந்த மணல். ஒரு பக்கம் அட்லாண்டிக், மறு பக்கம் பைன் காடு. 8,500 ரூபாய் போதும்.

பெரிய ஒயின்களைச் சுவைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன், 1973-இல் உயர்த்தப்பட்ட மூத்தோன் ஆகிய ஐந்து முதல் தரத் தோட்டங்களும் பொதுவாகச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பவை அல்ல. புட்டி ஒன்று பல நூறு யூரோ. நகரின் சில ஒயின் கூடங்களில் காற்றுப் புகாத இயந்திரத்திலிருந்து ஒரு வாய் அளவு மட்டும் ஊற்றித் தருவார்கள், அப்படி ஒரு முறை சுவைத்தால் ஆசையும் தீரும், கணக்கும் குலையாது. மற்ற நாட்களுக்குப் பெரிய நாடக அரங்கின் அருகே, போர்தோ ஒயின் துறையினரின் சங்கம் நடத்தும் 'பார் ஆ வேன்' கூடத்துக்குப் போங்கள். நல்ல ஒயின் சில யூரோவுக்குக் கிண்ணமாகக் கிடைக்கும். பட்டியலின் ஐந்தாம் தரத்தையும், பட்டியலில் இடம்பெறாத 'க்ரு புர்ழுவா' தோட்டங்களையும் கேட்டுச் சுவையுங்கள், விலைக்கு நியாயம் செய்பவை அவை.

வாங்கி வருவதற்குக் கடைகளில் 15 முதல் 25 யூரோவில் கிடைக்கும் புட்டிகளே போதும். இந்தியச் சுங்க விதிப்படி ஒருவருக்கு 2 லிட்டர் மது வரியின்றிக் கொண்டுவரலாம். புட்டி 750 மில்லி என்பதால் ஆளுக்கு இரண்டு, இருவருக்குமாக நான்கு. கைப்பையில் விடமாட்டார்கள், துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் விற்பனை வரியில் ஒரு பகுதி திரும்பும் படிவத்தைக் கடையில் கேட்டு வாங்கி, பாரிஸ் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன் அங்குள்ள இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும். கிண்ணங்களும் புட்டிகளுமாக ஒயினுக்கு 14,000 ரூபாய். மூன்று வெளியூர் நாட்களுக்கு 44,500 ஆகிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், தொடக்கத்தில் நான் சொன்னது தங்களுக்கு விளங்கும்.

எல்லாவற்றையும் கூட்டினால் 3,83,500 ரூபாய். எதிர்பாராத செலவுக்கு 32,000 தனியே வைத்தால் 4,15,500. மீதம் நிற்கும் 34,500 ரூபாயை ஒதுக்கீடாகவே விட்டுவையுங்கள். யூரோவின் விலை ஐந்து ரூபாய் ஏறினாலும் அது தாங்கும். சுற்றுலா நிறுவனத்தின் ஆறேகால் லட்சத்தை நான் மோசடி என்று சொல்ல மாட்டேன், அதில் அழைத்துச் செல்லும் ஆளும் அவர்கள் பொறுப்பும் சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்தத் தொகையில் எந்த விடுதி, எத்தனை வேளை உணவு, எந்தத் தோட்டங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு அவர்கள் விற்கும்போதே பிடிக்கும் டி.சி.எஸ். என்ற முன்வரியையும் சேர்த்துச் சொன்னார்களா என்று பாருங்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும், பயணத்தின்போது கையை விட்டுப் போயிருக்கும் பணம் அது.

பணம் செலுத்தும் முறையில் ஒரு குறிப்பு. தங்கள் வங்கியின் கடன் அட்டை வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு 3.5 விழுக்காடும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும் வகையா என்பதைப் புறப்படுமுன் கேளுங்கள். அப்படியானால் யூரோ ஏற்றிய பயண அட்டையே மேல். கடையிலோ பணம் எடுக்கும் இயந்திரத்திலோ ரூபாயில் செலுத்துகிறீர்களா, யூரோவிலா என்று திரை கேட்டால் எப்போதும் யூரோவையே அழுத்துங்கள், ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்ததே விலை. இருநூறு யூரோ ரொக்கமாக, சிறு நோட்டுகளில் இருக்கட்டும். கப்யூசேன் சந்தைக்கு அது உதவும். திங்கட்கிழமை அந்தச் சந்தைக்கு விடுமுறை.

வேலைகளைத் தொடங்க வேண்டிய வரிசை இது: ஜூனில் ரத்து செய்யக்கூடிய அறை, அதைத் தொடர்ந்து காப்பீடும் விசா விண்ணப்பமும், சீட்டு விற்பனை திறந்ததும் டி.ஜி.வி., விசா கிடைத்ததும் விமானம், ஆகஸ்டு கடைசியில் மெதோக் சிற்றுந்துப் பயணமும் சாந்த் எமிலியோன் ஷாத்தோவும். விசா விண்ணப்பத்துக்கு விமானச் சீட்டின் முன்பதிவு மட்டும் போதும், முழுப் பணம் கட்டிய சீட்டு வேண்டியதில்லை.